உடலுக்குள் வைத்த கருவிக்கு ஆயுள் முழுக்கப் பொறுப்பு யார்? இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரையில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது செவித்திறன் நிபுணராக வேலை பார்க்கிறேன். செவி நரம்பைத் தூண்டிக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியைப் பொருத்திய குழந்தைகளுக்கு மேப்பிங் செய்வதும், அதாவது கருவியின் ஒலி அளவுகளை ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்பத் திருத்துவதும், பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் என் அன்றாட வேலை. உங்கள் அலுவலகம் அனுமதித்த ஒரு கருவி குழந்தையின் மண்டையோட்டில் பதிக்கப்பட்டதும் அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தக் குடும்பம் வந்து உட்காருவது எங்களைப் போன்றவர்களின் அறையில்தான். அங்கிருந்து ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். நரம்போடு இணைத்து உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவியானாலும், அதைப் பொருத்திக்கொண்டவர் உயிரோடு இருக்கும்வரை அதை இயங்க வைக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் வாங்காமல் இனி அனுமதி தராதீர்கள்.

இதை இப்போதே கேட்கக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில் எண்ணத்தாலேயே கணினியை இயக்க உதவும் தன் கருவியை முதன்முதலாகப் பொருத்தியது. தண்டுவடத்தைத் தூண்டி நடக்க வைக்கும் கருவிகள், விழித்திரைக்கு உயிர் கொடுக்கும் சில்லுகள், மூளை எண்ணியதைத் திரையில் எழுத்தாக்கும் கருவிகள் என்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஆய்வுகள் நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவள் நான். பிறவியிலேயே காது கேளாத குழந்தை முதல் முறை அம்மாவின் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பதை நேரில் கண்டவர்களுக்கு இந்த அறிவியலின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே துறையில் நடந்து முடிந்த சில விஷயங்களையும் உங்கள் முன் வைத்தாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் செகண்ட் சைட் என்றொரு நிறுவனம் இருந்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயால் பார்வை இழந்தவர்களுக்காக ஆர்கஸ் 2 என்ற கருவியைச் செய்தது. இந்த நோயில் விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் செத்துப்போகும். அவற்றுக்கு அடுத்த நரம்புச் செல்களில் பல உயிரோடு இருக்கும். அவற்றை நேரடியாக மின்சாரத்தால் தட்டி எழுப்பலாம் என்பதுதான் அடிப்படை. கண்ணாடியில் ஒரு சிறு கேமரா, இடுப்பில் கேமராப் படத்தை மின்குறிகளாக்கும் ஒரு கணிப்பான், விழித்திரையின் மேல் 60 மின்முனைகள் கொண்ட ஒரு சிறு தகடு. இயல்பான பார்வை திரும்பாது. ஒளிப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு வாசல் எங்கே இருக்கிறது, சாலையின் வெள்ளைக் கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று கண்டுகொள்ளச் சிலர் கற்றுக்கொண்டார்கள். 2011இல் ஐரோப்பாவும் 2013 பிப்ரவரியில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. கருவியின் விலை மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள்.

2019இல் நிறுவனம் ஆர்கஸ் 2 தயாரிப்பை நிறுத்தியது. 2020 மார்ச்சில் ஊழியர்களில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. கருவியைக் கண்ணுக்குள் வைத்திருந்தவர்களில் பலருக்கு இதை யாரும் முறையாகச் சொல்லக்கூட இல்லை. கண்ணாடியோ கணிப்பானோ பழுதானால் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவருக்கு மூளையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் இந்தக் கருவியோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று மருத்துவமனை கேட்டபோது, பதில் சொல்ல நிறுவனத்தில் ஆளில்லை. இன்னொரு பெண்மணி அதற்கும் முன்பே, நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது கருவி சில ‘பீப்’ ஒலிகளோடு நின்றுபோனது. பிறகு அது இயங்கவே இல்லை. வேலை செய்யாத கருவியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்குக் கண்ணில் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும், அதற்கும் ஆபத்து உண்டு. அதனால் செத்த கருவியைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

இது ஒரே ஒரு நிறுவனத்தின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கை செயலிழந்தவர்கள் மறுபடி ஒரு கோப்பையைப் பிடிக்க உதவிய ஃப்ரீஹேண்ட் கருவிக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி கொடுத்தது. தோள்பட்டையை லேசாக அசைத்தால் அந்த அசைவை உணர்ந்து, நெஞ்சில் பதித்த தூண்டுகருவி கைத் தசைகளுக்கு மின்துடிப்பு அனுப்பும், விரல்கள் மூடித் திறக்கும். நன்றாக வேலை செய்த கருவிதான். ஆனால் வாங்குவோர் எண்ணிக்கை போதவில்லை என்று நிறுவனம் 2001இல் சந்தையிலிருந்து விலகியது. கொத்துத் தலைவலி என்ற கொடுமையான வலிக்கு முகத்துக்குள் வைக்கும் கருவி ஒன்றைச் செய்த இன்னொரு அமெரிக்க நிறுவனம் 2019 முடிவில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் 700 பேருக்கு மேல். அவர்களில் ஒரு ஜெர்மானியர், மின் பொறியாளராக இருந்ததால், அதை வெளியிலிருந்து இயக்கும் கருவியைத் தானே பிரித்து பேட்டரி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று படித்தேன். மின் பொறியியல் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்று கருவிகளிலும் அறிவியல் தோற்கவில்லை. கணக்குப் புத்தகம்தான் தோற்றது. உங்கள் அனுமதிக் கோப்பில் கருவியின் பாதுகாப்பும் செயல்திறனும் பக்கம் பக்கமாக அலசப்படுகின்றன. அதைச் செய்யும் நிறுவனம் அடுத்த இருபது ஆண்டு இருக்குமா, இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதே கனத்தோடு கேட்கப்பட வேண்டும் என்கிறேன்.

நரம்புக் கருவிக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். நான் அன்றாடம் கையாளும் கருவியை வைத்தே சொல்கிறேன். காக்ளியர் இம்ப்ளான்ட் இரண்டு பாகம். உள்ளே, தோலுக்கடியில் டைட்டானிய உறைக்குள் ஒரு சில்லு. அதிலிருந்து நத்தை ஓடு போன்ற உட்காதுக்குள் செல்லும் மெல்லிய இழையில், நிறுவனத்துக்குத் தக்கபடி 12 முதல் 22 மின்முனைகள். வெளியே, காதின் மேல் மாட்டும் பிராசசர். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில் என்ற கம்பிச்சுருள். மைக் ஒலியை வாங்கும், பிராசசர் அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும், காயில் அதை ரேடியோ அலையாகத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்பும், மின்முனைகள் செவி நரம்பைத் தூண்டும். ஏறத்தாழ 30,000 இழைகள் கொண்ட நரம்போடு இரண்டு டஜன்கூட இல்லாத மின்முனைகள் பேசுகின்றன. மீதி வேலையெல்லாம் மூளை கற்றுக்கொண்டு செய்வது.

அந்தக் கற்றலுக்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன. மின்முனையைச் சுற்றித் திசு வளரும், மின்தடை மாறும். போன மாதம் இதமாக இருந்த அளவு இந்த மாதம் குழந்தையைத் திடுக்கிட வைக்கும், அல்லது கேட்காமலே போகும். ஒவ்வொரு மின்முனைக்கும் எந்த அளவில் ஒலி கேட்கத் தொடங்குகிறது, எந்த அளவில் உறுத்துகிறது என்று பார்த்து, மென்பொருளில் திருத்தி எழுதுவதையே மேப்பிங் என்கிறோம். அந்த மென்பொருள் நிறுவனத்தினுடையது. பிராசசரைக் கணினியோடு இணைக்கும் கேபிள்கூட நிறுவனத்தினுடையது. நிறுவனம் கதவை மூடினால், உள்ளே இருக்கும் சில்லு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்களால் அதோடு பேச முடியாது. நியூராலிங்க் கருவியிலேயே சில வாரங்களில் மூளைக்குள் செலுத்திய இழைகளில் பல பின்வாங்கிக்கொண்டன. நிறுவனத்தின் பொறியாளர்கள் மென்பொருளை மாற்றி எழுதித்தான் இழந்த வேகத்தை மீட்டார்கள். அந்தப் பொறியாளர்களுக்கு அந்த மாதம் சம்பளம் நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறு பாகங்களின் கதையையும் கேளுங்கள். என்னிடம் வரும் ஒரு சிறுமி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக அறுவை சிகிச்சை நடந்தது. அவளுடைய அம்மா தினமும் பள்ளிக்கு அனுப்பும் முன், மகளின் பின்னால் நின்று, வாய் தெரியாமல், ‘ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம்’ என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்ப்பார். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லாம் கேட்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கும் முறை அது. குழந்தை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். போன கோடையில் ஒரு நாள் அந்த அம்மா ஓடி வந்தார். “நாலு நாளா ‘ஸ்’ சொன்னா திரும்பச் சொல்ல மாட்டேங்குறா மேடம். டீச்சர் சொல்றது பாதி புரியலங்குறா. மிஷின்ல லைட் எல்லாம் எரியுது.”

பிராசசரை வாங்கிப் பார்த்தேன். பேட்டரி நன்றாக இருந்தது, கேபிள் நன்றாக இருந்தது. மைக்கின் மேல் இருக்கும் மூடி வியர்வையும் தூசியும் ஏறி அடைத்துக்கொண்டிருந்தது. சிறுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு பாகம். அது அடைத்தால் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான், அதனால்தான் ‘ஸ்’ போய்விட்டது. புதிய மூடி போட்டால் ஐந்து நிமிட வேலை. நிறுவனத்தின் இங்குள்ள முகவருக்குப் போன் செய்தேன். அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, மூடி இருப்பில் இல்லை, புதிய பிராசசருக்கு மாறிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். புதிய பிராசசரின் விலை லட்சங்களில். அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை. “ஆபரேஷன் அன்னைக்கே இதச் சொல்லிருந்தா, சீட்டாவது கட்டிருப்போம்ல” என்று மட்டும் கேட்டார்.

வேறு ஊரில் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய பிராசசரிலிருந்து மூடியை எடுத்து அனுப்பினார்கள், இப்போதைக்கு ஓடுகிறது. ஆனால் நாடு முழுக்க இந்தக் குழந்தைகள் இப்படி ஒருவருக்கொருவர் பாகங்களைக் கேட்டு வாங்கித்தான் கேட்க வேண்டுமா? மொழி பிடிபடும் வயது காத்திருக்காது. மூன்று, மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்த குழந்தையின் மூளையும், அதற்குப் பிறகு கிடைத்த குழந்தையின் மூளையும் ஒன்றுபோல வளர்வதில்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. படிக்கிற வயதில் மாதக்கணக்கில் பாதி ஒலியோடு உட்கார்ந்திருப்பதும் சின்ன இழப்பு இல்லை.

இத்தனைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் இந்தத் துறையிலேயே மிக வெற்றிகரமான கருவி. 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் ஐரியேவும் செய்த முதல் முயற்சியிலிருந்து, 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைக் கருவியைப் பொருத்தியது வரை வந்து, இன்று உலகில் பத்து லட்சத்துக்கு மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. பெரிய நிறுவனங்கள், பெரிய சந்தை. அங்கேயே ஒரு மைக் மூடிக்கு இந்தப் பாடு என்றால், சில நூறு பேருக்கு மட்டும் பொருத்தப்படும் விழித்திரைக் கருவிக்கும் தண்டுவடக் கருவிக்கும் என்ன ஆகும்?

உங்கள் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் கருவிகளை ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. மிகவும் ஆபத்தான வகைக்கு உரிமம் தருவது உங்கள் அமைப்பு. கருவியால் தீங்கு நேர்ந்தால் புகார் பதிவு செய்ய 2015இல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. இவை நல்ல அடித்தளம். ஆனால் கருவி யாரையும் காயப்படுத்தாமல், உதிரிபாகம் வராததால் மெல்ல ஊமையாகிப்போவதை எந்தப் படிவத்தில் எழுதுவது? என்னைப் பொறுத்தவரை அதுவும் தீங்குதான். தீங்கு என்பதன் வரையறைக்குள் இதைச் சேர்க்க வேண்டும்.

அதைவிட அவசரமானது ஒரு தேசியப் பதிவேடு. இடுப்பு மூட்டுக் கருவி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. பின்னால் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து இழப்பீடு தர முன்வந்தபோது, அவர்களில் பெரும்பாலானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யார் உடலில் எந்தக் கருவி, எந்த வரிசை எண், எந்த ஆண்டு என்று ஒரே இடத்தில் குறித்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது. நரம்புக் கருவி விஷயத்தில் இப்போதே தொடங்கினால் எண்ணிக்கை கையடக்கமாக இருக்கும். அனுமதி பெறும் ஒவ்வொரு நிறுவனமும் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், நோயாளிக்குத் தாய்மொழியில் ஓர் அட்டை தர வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது அந்த அட்டையிலேயே இருக்க வேண்டும்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். அனுமதி கேட்டு வரும் நிறுவனம், தன் கருவியின் வரைபடங்கள், மேப்பிங் மென்பொருள், அதற்கான திறவுச் சாவிகள் எல்லாவற்றையும் முத்திரையிட்டு ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். நிறுவனம் இயங்கும்வரை அவை மூடியே இருக்கட்டும், தொழில் ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. நிறுவனம் மூடினாலோ, ஒரு மாடலுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்தினாலோ, அந்த முத்திரை உடைய வேண்டும். இதை வாங்கி வைக்கவும், தேவைப்பட்டால் செய்து தரவும் நம்மிடம் ஆளில்லையா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டு, டிடிகே நிறுவனத்தின் தயாரிப்பாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அரசு ஆய்வகமும் தனியார் தொழிற்சாலையும் சேர்ந்து ஓர் உள்வைப்புக் கருவியைப் பல்லாண்டு தொடர்ந்து தர முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஃப்ரீஹேண்ட் கருவி கைவிடப்பட்ட பிறகும் அதை உருவாக்கிய கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. லாபத்தை நம்பாத ஓர் அமைப்பைக் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் 2013இல் ஏற்படுத்தி, அந்தத் தொழில்நுட்பத்தை மறுபடி மக்களிடம் கொண்டுபோக முயன்றார்கள். வழி இருக்கிறது. முதல் நாளே அதைக் கட்டாயமாக்குவதுதான் உங்கள் கையில் உள்ளது.

பணமும் வேண்டும். ஒவ்வொரு கருவி விற்கும்போதும் விலையில் ஒரு பங்கு தனி வைப்பு நிதிக்குப் போகட்டும். நிறுவனம் திவாலானாலும் கடன்காரர்கள் தொட முடியாததாக அது இருக்கட்டும். அரசு டெண்டர்களில் கருவியோடு அடுத்த பிராசசருக்கும் உதிரிபாகங்களுக்கும் சேர்த்தே விலை கேட்க வேண்டும் என்பதைச் சுகாதாரத் துறைகளுக்கு நீங்கள் பரிந்துரைக்கலாம்.

இந்த நிபந்தனைகளெல்லாம் புதிய நிறுவனங்களைப் பயமுறுத்தி விரட்டும், ஆய்வு தாமதமாகும் என்று சொல்வார்கள். இந்த எதிர்ப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கல்லூரி நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனத்தால் பெரும் வைப்புத் தொகை கட்ட முடியாது, உண்மைதான். அதனால்தான் தொகையைப் பொருத்தப்படும் கருவிகளின் எண்ணிக்கையோடு இணைக்கச் சொல்கிறேன், தொடக்க ஆண்டுகளில் அரசும் ஒரு பங்கு போடட்டும். அப்படியும் ஒரு கருவி இரண்டு ஆண்டு தாமதமாக வந்தால், அந்தத் தாமதத்தை ஏற்கலாம் என்பதே என் கருத்து. கிடைக்காத பார்வைக்காகக் காத்திருப்பது கஷ்டம்தான். கிடைத்த பார்வையை ஒரு நிறுவனத்தின் பங்கு விலைக்காக இழப்பது அதைவிடக் கொடுமை. ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய் உள்ள ஒரு பெண்மணிக்கு, வலிப்பு வருமுன் எச்சரிக்கும் மூளைக் கருவியைச் சோதனைக்காகப் பொருத்தினார்கள். அவர் வாழ்க்கையே மாறியது. நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது, கருவியை எடுக்கச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் கேட்டும் நடக்கவில்லை.

அவருக்கு நடந்தது மருத்துவ ஆய்வின் கட்டத்தில். நம் நாட்டிலும் இனி முதலில் வரப்போவது அந்தக் கட்டம்தான். ஆய்வின்போது காயம் நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று விதி இருக்கிறது. கருவி நன்றாகப் பலன் கொடுத்து, ஆய்வு முடிந்துபோனால் பங்கேற்றவருக்கு என்ன என்பதும் அதே தெளிவோடு எழுதப்பட வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பினால் யார் பராமரிப்பது, எடுக்க விரும்பினால் யார் செலவு என்பது ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில், அவர் பேசும் மொழியில் இருக்கட்டும்.

ஆய்வுக்கூடங்களில் இந்தக் கருவிகளைச் செய்துகொண்டிருக்கும் பொறியாளர்களும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பேட்டரி, கேபிள், மைக் மூடி போன்றவற்றை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவில் வடிவமையுங்கள். மதுரைச் சித்திரை மாத வியர்வையில் போட்டுச் சோதியுங்கள்.

தலைமை அதிகாரி அவர்களே, இந்த நிபந்தனைகளை ஒரு வரைவு விதியாக வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேளுங்கள். கேட்கும்போது ஆங்கிலத்தோடும் இந்தியோடும் நிறுத்தாமல் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிடுங்கள். பெற்றோர்கள் பதில் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்களைப் போன்ற ஆடியாலஜிஸ்ட்கள் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆடியாலஜிஸ்ட்,
மதுரை